மைனஸ் இரண்டு

கோதுமை விலைக்கும் டயர் விளம்பரத்துக்கும் நடுவே
வானொலிப் பெண் சொன்னாள்:
இன்றிரவு மெல்ஃபர்ட்டில் மைனஸ் இரண்டு.
செப்டம்பர் பிறந்து நாலு நாள்தான்.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசி.
லோர்ன்.
ஜூலையில் இரண்டு பெட்டியும்
தூண்டில்கள் எல்லாமும் எடுத்துக்கொண்டு
ரெஜைனாவுக்குப் போனவர்.
எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.
"தக்காளியை மூடிவிட்டாயா?"

மூடியாயிற்று என்றேன்.
பொய் இவ்வளவு வழவழப்பாக வருமென்று
என் வாய்க்கே தெரியாது.
"துணிதானே? பிளாஸ்டிக் வேண்டாம்,
இலையில் பட்ட இடம் கருகிவிடும்."
தெரியும்.
"பூசணிக்கும் ஏதாவது..." என்று இழுத்தார்.
அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.
அடுப்பில் ஒன்றும் இல்லை.

மே மாதம் கயிறு கட்டி, கோடு பிடித்து,
ஐஸ்கிரீம் குச்சிகளில் பெயரெழுதிச் செருகி
அவர் போட்ட தோட்டம் அது.
இரண்டு பேருக்குப் பதினோரு தக்காளிச் செடி.
அப்போதே கேட்டிருக்க வேண்டும் நான்,
எந்த இரண்டு பேர் என்று.

அவர் போனபின் ஒரு களை பிடுங்கவில்லை.
குழாயைத் தொடவில்லை.
அதுபாட்டுக்குக் காய்த்துத் தள்ளியது,
வெட்கமே இல்லாமல்.
சதகுப்பை தன் விதையைத் தானே உதிர்த்து
கல்லிடுக்கில் மறுபடி முளைத்து நின்றது.
பீட்ரூட்கள் மண்ணுக்கு மேலே தோள் தூக்கின.
இலைக்கடியில் யார் கண்ணிலும் படாத சுக்கினி ஒன்று
ஆறுமாதக் குழந்தை கனம்.
சமையலுக்கு ஆகாது, முற்றல்.

ஏழு மணிக்குத் தெருவே வெளியில் இருந்தது.
ஒரெஸ்ட் ஹ்ரிட்சுக்
ஹாக்கி அணியின் சின்னம் போட்ட போர்வையை
மிளகாய்ச் செடிகளுக்குப் போர்த்தினார்.
செவிலி மோயிராவின் பீன்ஸ் பந்தலில்
டைனோசர் படம் போட்ட பிள்ளைகளின் விரிப்பு.
ஓரங்களைச் செருகி, கல் வைத்து,
தூங்கிவிட்டதா என்பதுபோல் ஒருமுறை குனிந்து பார்த்து
எல்லோரும் உள்ளே போனார்கள்.
என் கொல்லை மட்டும் வெறும் உடம்போடு.
ஒரெஸ்ட் வேலிக்கு மேலே பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பத்தரைக்கு டார்ச்சை எடுத்தேன்.
அலமாரியில் அவர் விட்டுப்போன கம்பளிச் சட்டை மூன்று.
மேல்தட்டில், கல்யாணத்துக்கு அவர் அக்கா கொடுத்த
சந்தன நிற இரட்டைக் கட்டில் விரிப்பு,
விருந்தாளி வந்தால் மட்டும் விரிப்பது.
அதைத்தான் முதலில் இழுத்தேன்.

விரிப்பு நாலு செடிக்கு எட்டியது.
சட்டைகள் மூன்றுக்கு.
மிச்சம் நாலு. அதற்குமேல் துணி இருந்தது,
எனக்குத்தான் மனமில்லை.
பூசணிக்கு ஒன்றும் தரவில்லை, அவர் கேட்டது அது.
யாருக்காகச் செய்தாய் என்றால்
பதில் இல்லை.
சொன்ன பொய்யை மெய்யாக்குவது
தோட்டவேலையில் சேருமோ என்னவோ.
சட்டைக்குப் பொத்தான் போட்டேன், காற்று புகாதபடி.
கழுத்துப் பொத்தானும்.

காலையில் பூசணிக்கொடி
வேகவைத்த கீரையாய்த் தொங்கியது.
மூடாத நாலும் கறுத்திருந்தன.
விரிப்பு பலகைபோல் விறைத்திருந்தது.
தூக்கினேன்,
அப்பளம் நொறுங்கும் சின்னச் சத்தம்.
உள்ளே பச்சை.
நேற்றைய வெயில் கொஞ்சம்
இன்னும் எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்தது.
துணி முழுக்கத் தக்காளி இலைக் கறை.
இனி எந்த விருந்தாளிக்கும் விரிக்க முடியாது.

சட்டைக்குள் கைவிட்டு ஒரு பழம் பறித்தேன்.
பல் கூசும் குளிர். சாறு
முழங்கைவரை ஓடி ஸ்வெட்டருக்குள் இறங்கியது.
இனிப்பு இருந்தது. ஏதோ குறைந்தது.

உள்ளே தொலைபேசி அடித்தது.
உப்பு எடுக்க
எப்படியும் நான் போகவேண்டித்தான் இருந்தது.